பெட்டியோடு சேர்த்து எண்பத்தைந்து

துருவி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு எடைமேடையில் ஏறினாள்.

"செருப்போட ஏறுங்க," என்றாள் விமானி. "அதுவும் நம்மகூடத்தானே வரப்போகுது."

சரிதானே என்று பட்டது. இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினாள். சரக்குக் கொட்டகையின் சுவரில் இருந்த சின்னக் கண்ணாடிச் சட்டத்துக்குள் சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறிவிட்டு அறுபத்து மூன்றில் நின்றன. விமானி அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். அவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வெள்ளைச் சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்து விட்டிருந்தாள். எழுதாத நேரத்தில் பென்சில் காதுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

"அடுத்து அம்மா வாங்க."

"என்னை எதுக்கும்மா நிறுக்கணும்? நான் என்ன மூட்டையா?" என்று சொல்லிக்கொண்டே அம்மா துருவியின் தோளைப் பிடித்து ஏறினாள். ஐம்பத்தாறு. பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த துணிப்பை. ஒன்பது.

"வெளியில நிக்கிற ஐயாவும் வர்றார்தானே?"

சித்தப்பா கொட்டகை வாசலுக்கு வெளியே, வெயிலில் பாதியும் நிழலில் பாதியுமாக நின்றிருந்தார். இருபது நாளாக அவருக்கு வாசலுக்கு வெளியே இருந்தே பழகிவிட்டது. துருவி போய் அழைத்த பிறகுதான் உள்ளே வந்தார். எழுபது.

"பெட்டி முப்பத்தாறு. பக்கவாட்டுலயே சீட்டு ஒட்டியிருக்கு," என்றாள் விமானி. "உங்க அப்பா?"

அப்பா கொட்டகைக்கு வெளியே ஆம்புலன்ஸில், அந்த ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் இருந்தார். விடியற்காலை நாலு பத்துக்கு இறந்துபோனார்.

"எண்பத்தி நாலு," என்றாள் அம்மா. "சந்தேகமே வேண்டாம். ஒரு காலத்துல தொண்ணூறு இருந்தார்."

விமானி ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் புரட்டினாள். அதிலும் எண்பத்து நாலு என்றுதான் இருந்தது. எழுதிக்கொண்டு, அடியில் ஒரு கோடு போட்டு, கூட்டினாள்.

கடல் மூன்று நாளாகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. தீவுக்குப் போகிற கப்பல் துறையில் கட்டிக் கிடந்தது. இன்னும் மூன்று நாளாகும் என்றார்கள். தீவில் குளிர் அறை கிடையாது, இங்கே ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்றும் பழுது. என்ன செய்வது என்று துருவி நின்றபோது ஆஸ்பத்திரி எழுத்தர்தான் இந்த இடத்தைச் சொன்னார். ஊருக்கு வெளியே இருக்கும் விமானப் பயிற்சிப் பள்ளி. காலையில் மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் யாராவது கேட்டால் ஆறு பேர் உட்காரும் விமானத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். தீவில் இறங்க ஒரு சின்ன ஓடுபாதை உண்டு. ஆனால் விளக்கு கிடையாது. இருட்டுவதற்குள் போய், விமானம் திரும்பியும் வந்துவிட வேண்டும்.

முப்பத்தாறு வருஷம் தீவுத் துறையில் கப்பல் டிக்கெட் கிழித்த மனிதர் அப்பா. "ஆகாயத்துல போறதுக்கு நான் என்ன காக்காவா?" என்று கேட்டவர். இன்றைக்கு அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

விமானி பென்சிலைக் காதில் செருகினாள். "நாப்பத்திரண்டு கிலோ கூடுது," என்றாள். "இன்னைக்கு இந்த வெயிலுக்கு இருநூத்து எழுபத்தாறுதான் என்னால ஏத்த முடியும். முன்னூத்துப் பதினெட்டு வருது. மன்னிச்சுக்குங்க. ஒருத்தர் இறங்கியாகணும்."

சித்தப்பா உடனே தலையை ஆட்டினார், இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பதுபோல. "நான் கப்பல்ல வர்றேன்."

"கப்பல் இல்லையே, தம்பி," என்றாள் அம்மா.

"ஓடும்போது வர்றேன், அண்ணி."

இன்று மாலையே அடக்கம். கப்பல் ஓடும்போது அங்கே பார்க்க என்ன இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

துருவிக்குக் கேட்க வேண்டியிருந்தது. அவளுடைய சுபாவம் அது. உண்மையான பெயர் ஒன்று இருந்தது. அதை ரேஷன் அட்டையும் வங்கியும் மட்டும்தான் பயன்படுத்தின. ஐந்து வயதில் எதையெடுத்தாலும் துருவித் துருவிக் கேட்கிறாளே என்று அப்பா வைத்த பெயர்தான் நிலைத்தது. நாற்பத்தொரு வயதில் துறைமுகத்தெருவில் மின்விசிறியும் செல்போனும் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தாள். பலகையிலும் அதே பெயர்தான். திருகாணி கண்ட இடத்தில் கை சும்மா இருக்காது. இப்போது அப்பா செத்துப் பத்து மணி நேரம்கூட ஆகவில்லை, இந்த நேரத்தில் இதையெல்லாம் கேட்கலாமா என்று தனக்குள்ளேயே ஒரு கூச்சம் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"வெயிலுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்?"

விமானி அவளைப் பார்த்தாள். கோபத்தில் கேட்கிறாளா, தெரிந்துகொள்ளக் கேட்கிறாளா என்று பார்த்ததுபோல் இருந்தது.

"சூடான காத்து மெலிஞ்ச காத்து," என்றாள். "சூடானா காத்து விரிஞ்சு போயிடும். ஒரே இடத்துக்குள்ள கொஞ்சமாத்தான் இருக்கும். இறக்கைக்குப் பிடிச்சுத் தூக்க ஆள் பத்தாது. எஞ்சினுக்கும் மூச்சுக்குப் பத்தாது, முன்னாடி சுத்துற விசிறிக்கும் பிடி கிடைக்காது. மூணும் ஒரே நேரத்துல சோர்ந்துபோகும். அதனால கிளம்ப நீளமா ஓடணும். இங்க ரன்வே அறுநூறு மீட்டர்தான், முடியிற இடத்துல மரம் வேற. காலையில ஏழு மணின்னா இதே முன்னூத்துப் பதினெட்டை யோசிக்காம ஏத்தியிருப்பேன்."

"நாளைக்குக் காலையில?"

விமானி வாசலைக் காட்டினாள். மேற்கே, ஓடுபாதைக்கு அப்பால், மேகம் வெள்ளைக் கோஸ் மாதிரி உருண்டு உருண்டு மேலே வந்துகொண்டிருந்தது. "நாளைக்கு அது எல்லாம் இங்க இருக்கும். இன்னைக்கே நாலு மணிக்குள்ள கிளம்பணும்."

"ரெண்டு தடவை போனா?"

"ரெண்டாவது தடவை இறங்கும்போது இருட்டிடும்."

"எரிபொருளைக் குறைச்சா?"

"அதான் எல்லாரும் கேக்குற கேள்வி," என்றாள் விமானி, குரலில் கடுமை இல்லாமல். "தீவுல எரிபொருள் கிடையாது. போறதுக்கு, வர்றதுக்கு, அதுக்கு மேல முக்கால் மணி நேரத்துக்குக் கையில. அந்த முக்கால் மணியில நான் கை வைக்கிறதில்ல. யாருக்காகவும்."

சித்தப்பா முதல்முறையாகச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. "அண்ணன் பேசுற மாதிரியே இருக்கு."

அம்மா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய கதை அது. சித்தப்பாவுக்கு இந்தக் கரையில் ஒரு பஸ் டிப்போவில் ஓட்டுநர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஒன்பது மணிக்குள் வந்து நிற்க வேண்டும். ஆறு நாற்பது கப்பலைப் பிடிக்க ஓடிவந்தவர் இரண்டு நிமிஷம் பிந்திவிட்டார். கப்பல் துறையை விட்டு அசையவில்லை, கயிறுகூட அவிழ்க்கவில்லை. ஆனால் டிக்கெட் ஜன்னலும் வாசல் கம்பியும் மூடியாகிவிட்டது. மூடியவர் அண்ணன். கம்பிக்கு இந்தப் பக்கம் தம்பி பையோடு நிற்க, அந்தப் பக்கம் அண்ணன் சாவியோடு நின்றார். "நேரம்னா நேரம்" என்றார். கப்பல் போயிற்று. சித்தப்பா மத்தியானக் கப்பலில் ஏறி வந்தார். அந்த வேலை போய் வேறு வேலை கிடைத்தது, கல்யாணமும் ஆனது. ஆனால் தீவுப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பாவை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள், அறைக்கு வெளியே பெஞ்சில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். உள்ளே வரவில்லை. மறுநாளும் வந்தார். வேலை முடிந்து மூன்றரைக்கு வருவார், விளக்குப் போட்டதும் எழுந்து போவார். ஒன்பதாம் நாள் அப்பா கண்ணை மூடியபடியே துருவியிடம், "வெளியில உக்காந்திருக்கிறவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடு" என்றார். "யாருக்குப்பா?" என்று அவள் வேண்டுமென்றே கேட்டாள். "உக்காந்திருக்கிறவனுக்கு," என்றார். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு டீ போயிற்று. சர்க்கரை கம்மியாக என்று அப்பாவே சொன்னார். டீ போனதே தவிர, ஒரு வார்த்தை போகவில்லை. வரவுமில்லை.

துருவி எடைமேடையைப் பார்த்தாள். பிறகு விமானியின் கையிலிருந்த தாளை.

"எங்க எல்லாரையும் ஏத்தி நிறுத்துப் பார்த்தீங்க," என்றாள். "செருப்பைக்கூட விடல. அப்பாவை மட்டும் ஏன் காகிதத்தைப் பார்த்து எழுதினீங்க?"

விமானி பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். அந்த மாதிரி ஒரு வேலையில் இருப்பவர்களுக்குத் தங்கள் தப்பைப் பிறர் காட்டும்போது வரும் ஒரு நிதானம் அவள் முகத்தில் வந்தது.

"ஆஸ்பத்திரிக் காகிதம்னு எழுதிட்டேன். தப்புதான்," என்றாள். "என் ஸ்டூடண்ட் இப்படிச் செஞ்சிருந்தா அன்னைக்குப் பறக்கவே விட்டிருக்க மாட்டேன்."

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "அவரை எதுக்குடி இறக்கி ஏத்திக்கிட்டு? அதான் சொல்றேனே எண்பத்தி நாலுன்னு."

"எப்பம்மா நிறுத்துப் பார்த்தது?"

"துறையில சாமான் நிறுக்கிற தராசு இல்ல? வருஷா வருஷம் அதுல ஏறி நின்னு பார்ப்பாரு. போன வருஷம். ஆஸ்பத்திரியில கேட்டப்பவும் அதைத்தான் சொன்னேன்."

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் பெட்டியைக் கொண்டுவந்து மேடையில் வைத்தார்கள். சித்தப்பா ஒரு மூலையில் கை கொடுத்தார். எல்லோரும் கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் வந்தார்கள். சிவப்பு எண்கள் தடுமாறின. தொண்ணூற்றொன்று, எண்பத்திரண்டு, எண்பத்தேழு. நின்றன.

எண்பத்தைந்து.

"பார்த்தியா?" என்றாள் அம்மா. குரலில் அன்று முழுக்க இல்லாத ஒரு தெம்பு. "நான் சொன்னேன்ல. ஒரு கிலோ முன்ன பின்ன. நாப்பத்தி மூணு வருஷமாச் சமைச்சுப் போட்டவளுக்குத் தெரியாதா?"

ஆம்புலன்ஸ்காரர்களில் ஒருவர் தரையைப் பார்த்தார். துருவி விமானியைப் பார்த்தாள். விமானி பென்சிலை எடுத்து, எண்பத்தைந்துக்கு அடியில் முப்பத்தாறு என்று எழுதி, சத்தமில்லாமல் கழித்தாள்.

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள்.

"பெட்டியோட சேர்த்தா?" என்றாள்.

"ஆமாம்மா," என்றாள் துருவி.

நாற்பத்தொன்பது. அம்மா அதைச் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது. எட்டு மாதமாகத் துடைத்துவிட்டதும், புரட்டிப் படுக்கவைத்ததும், சட்டை மாற்றியதும் அவள்தான். தினமும் பார்க்கிற கண்ணுக்கு எது தெரிகிறது. துருவியும்தான் பார்த்தாள். தலையணையில் சாய்த்து உட்காரவைக்கும்போதெல்லாம், இவ்வளவு சுலபமாக நகர்கிறாரே என்று ஒரு நாளும் அவள் கேட்டதில்லை. எதையும் கேட்காமல் விடாதவள் இதை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறாள்.

"முப்பத்தஞ்சு குறைஞ்சிருக்கு," என்றாள் விமானி மெதுவாக. "இன்னும் ஏழு கூடுது. வேற ஏதாவது விட முடியுமா?"

"சாயங்காலம் கொஞ்சம் வெயில் தாழட்டுமே?" என்றார் சித்தப்பா. அவர் இப்போது வாசலுக்கு வெளியே போகவில்லை.

"தாழ்ந்தா ஏழு கிலோ கிடைக்கும். மேகமும் வந்துடும்."

அம்மா துணிப்பையைத் தூக்கிப் பெஞ்சில் வைத்தாள். "பை கிடக்கட்டும்." திறந்தாள். போர்வை, இரண்டு வேட்டி, மருந்துச் சீட்டுகளும் எக்ஸ்ரேயும் செருகிய உறை, அப்பா ஒரு நாளும் போட்டுக்கொள்ளாத புதுச் செருப்பு, தட்டு, டம்ளர், ஒரு டிரான்சிஸ்டர். எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு ஃபிளாஸ்க்கை மட்டும் வெளியே எடுத்தாள்.

"இது பக்கத்து வீட்டோடது. திருப்பிக் குடுக்கணும்."

ஃபிளாஸ்க்கையும் மேடையில் வைத்தார்கள். ஒரு கிலோ.

"இருநூத்து எழுபத்தஞ்சு," என்றாள் விமானி. "போகலாம்."

விமானத்தின் பின்னிருக்கைகளில் வலப்பக்கத்து இரண்டையும் கழற்றியிருந்தார்கள். பெட்டி அங்கே நீளவாக்கில் போக வேண்டும். துருவி அவற்றைப் பொருத்தும் கொக்கிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விமானி எல்லோருக்கும் இடம் சொன்னாள்.

"எவ்வளவு கனம்ங்கிறது பாதிக் கணக்குதான். அது எங்க உக்காருதுங்கிறது மீதிப் பாதி. பின்னால கனமாயிட்டா மூக்கு தூக்கிக்கும், அப்புறம் நான் என்ன அமுக்கினாலும் இறங்காது. அதனால ஐயா என் பக்கத்துல முன்னாடி. நீங்க நடுவுல. அம்மாதான் இருக்கிறதுலயே லேசு, அம்மா கடைசி."

"நான் பின்னாடியே உக்காந்துக்கிறேனே," என்றார் சித்தப்பா.

"முடியாது ஐயா. நீங்கதான் எனக்கு முன்னால வேணும்."

"அவருக்குத் தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் அம்மா.

"முன்பக்கம்மா. உடம்புல கனமெல்லாம் மேல்பாதியிலதான். அப்ப உங்களுக்கு…" விமானி தயங்கினாள். "கால் பக்கம்தான் வரும்."

"பரவாயில்ல," என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரியிலயும் கால் பக்கம்தான் உக்காந்திருந்தேன். அமுக்கிவிட வசதி."

பெட்டியைத் தோல்வாரால் மூன்று இடத்தில் கட்டினார்கள். விமானி ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தாள். விமானத்தைச் சுற்றி வந்தாள். இறக்கையின் பின்விளிம்பை ஆட்டிப் பார்த்தாள். தொட்டியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பதைத் துருவி கேட்காமலே புரிந்துகொண்டாள். காற்றடிக்கும் திசையைக் காட்டக் கம்பத்தில் கட்டிய ஆரஞ்சுக் காற்றுப்பை இவர்களைப் பார்த்து நீண்டிருந்தது.

ஓடுபாதையின் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றதும் அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "ஏம்மா, காத்து எதிர்ல அடிக்குதே. அந்தக் கோடியில இருந்து கிளம்பினா காத்தே தள்ளிவிடுமே?"

விமானி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "எல்லாரும் அப்படித்தாம்மா நினைப்பாங்க. பின்னால அடிக்கிற காத்து நம்மளை ஓடத்தான் வைக்கும், தூக்காது. இறக்கை மேல காத்து ஓடணும். எதிர்க்காத்துன்னா நாம சும்மா நின்னாலே கொஞ்சம் ஓடிட்டிருக்கும். சீக்கிரம் தூக்கிடும்."

"கேள்வி கேக்குறது உனக்கு எங்கேயிருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா?" என்றார் சித்தப்பா, முன்னாலிருந்து துருவியிடம். அம்மாவுக்குக் கேட்டதா தெரியவில்லை. எஞ்சின் இரைந்தது.

ஓடினார்கள். புல்வெளி பின்னால் ஓடியது, கொட்டகை ஓடியது. பாதி தூரம் போயும் சக்கரம் தரையிலேயே தடதடத்தது. துருவி கண்ணைக் கோடியிலிருந்த மரங்களிலிருந்து எடுக்கவில்லை. பிறகு தடதடப்பு நின்றது. எழும்பிவிட்டோம் என்று நினைத்தாள். ஆனால் விமானம் மேலே போகவில்லை. ஓடுபாதையை ஒட்டி, ஓர் ஆள் உயரத்தில், வழுக்கிக்கொண்டு போயிற்று. மரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. சித்தப்பாவின் கழுத்து நரம்பு விறைத்திருந்தது. விமானியின் தோள் மட்டும் தளர்ந்தே இருந்தது. அவள் எதற்கோ காத்திருந்தாள். பிறகு மூக்கு மெல்ல உயர்ந்தது. மர உச்சி சக்கரத்துக்குக் கீழே போயிற்று.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் துருவி முன்னால் குனிந்தாள். "ஏன் உடனே ஏறல?"

"வேகத்துக்காகத்தான். தரையை ஒட்டி இருக்கிற வரைக்கும் இறக்கைக்குச் சுமை கம்மி. அதை நம்பி அவசரப்பட்டு மேல இழுத்தா, கொஞ்சம் ஏறும், அப்புறம் கை விட்டுடும். கீழேயே ஓட விட்டு வேகம் சேர்ந்த பிறகுதான் ஏறணும். புதுசாப் படிக்க வர்றவங்களுக்கு அந்தப் பத்து வினாடி பொறுமைதான் வராது."

கடல் வந்தது. மேலேயிருந்து பார்க்கையில் கொந்தளிப்பு தெரியவில்லை. யாரோ கசக்கிவிட்டு நீவிய துணி மாதிரி இருந்தது. காற்று சில்லென்று ஆயிற்று. அம்மா பெட்டியின் கால் பக்கத்து மூடி மேல் கையை வைத்திருந்தாள், ஃபிளாஸ்க் மடியில். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தாள் துருவி. தூங்கவில்லை.

துருவிக்கு இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. அது அவளுடையது அல்ல. ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து காலை வேளையில் ஒரு சின்ன விமானம் தெரியும். வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். கட்டடத்துக்குப் பின்னால் மறையும், மறுபடி வரும். கடைசி வாரத்தில் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கேட்டார், "எங்கேயும் போகாம அது ஏன் சுத்திச் சுத்தி வருது?" நாற்பத்தொரு வருஷத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "தெரியலப்பா," என்றாள். "கேட்டுட்டு வந்து சொல்லு," என்றார். அவள் கேட்கவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மருந்து வாங்க ஓடினாள், வேறு எதற்கோ ஓடினாள்.

"காலையில ஒரு விமானம் வட்டம் போட்டுக்கிட்டே இருக்குமே," என்று ஆரம்பித்தாள்.

"என் ஸ்டூடண்ட்ஸ்தான்," என்றாள் விமானி. "இறங்கிப் பழகுறாங்க. ஏறுவாங்க, ஒரு சுத்து வருவாங்க, சக்கரம் தரையில பட்டதும் மறுபடி ஏறுவாங்க. ஒரு காலையில எட்டு, பத்துத் தடவை. ஏறுறது நாலு நாள்ல வந்துடும். இறங்கத்தான் மாசக்கணக்குல ஆகும்."

துருவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெட்டியின் தலைப்பக்கம் அவள் முழங்கையை ஒட்டி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காத மாதிரி, குனிந்து மூடிக்கருகில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

"அதோ," என்றார் சித்தப்பா.

தீவு தெரிந்தது. சின்னதாக, ஒரு பக்கம் கடித்த ரொட்டி மாதிரி. சித்தப்பா கண்ணாடியில் நெற்றி பட உட்கார்ந்திருந்தார். துறைமேடையும், கட்டிக் கிடந்த படகுகள் இரண்டும், டிக்கெட் அறையின் தகரக் கூரையும் வந்தன.

"கூரைக்குப் பச்சை அடிச்சிருக்காங்க," என்றார்.

"ஏழு வருஷம் ஆச்சு, சித்தப்பா."

"அப்படியா." பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னார், "அன்னைக்கு நான் ரெண்டு நிமிஷம் இல்ல துருவி. பத்து நிமிஷம் லேட்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டேதான் ஓடினேன். கம்பி மூடி ரெண்டு நிமிஷம்தான் ஆகியிருந்துச்சு. அண்ணன் எட்டு நிமிஷம் திறந்துதான் வச்சிருந்திருக்கு."

இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று துருவி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்னால் அம்மாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அம்மா ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானி ஓடுபாதையைக் கடந்து, ஒரு பக்கமாகப் போய், சுற்றி வந்தாள். மாணவர்கள் போடுகிற அதே வட்டம் என்று துருவிக்குத் தெரிந்தது. சக்கரம் பட்டது தெரியாமல் இறக்கினாள்.

துறைமுகத்து ஆட்கள் ஆறு பேர் காத்திருந்தார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள். மூட்டை தூக்கியே தோள் காய்த்தவர்கள். அப்பா எவ்வளவு பெரிய ஆள் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் பலசாலிகளாகப் பார்த்துத்தான் வந்திருந்தார்கள். கப்பல் கயிறு அவிழ்க்கிற பெரியவர் முன்னால் நின்றார். அவர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அவரைப் பார்த்தார். பெரியவர் ஒன்றும் கேட்காமல் பக்கத்திலிருந்தவனைக் கண்ணால் விலக்கிவிட்டு, அரை அடி தள்ளி நின்று இடம் விட்டார். சித்தப்பா போய் அந்த இடத்தில் கையைக் கொடுத்தார்.

"காலை அகட்டி நில்லுங்கப்பா," என்றார் பெரியவர். "முதுகைப் பார்த்துக்குங்க. கனமான ஆளு. ஒரே மூச்சுல தூக்கணும்."

ஆறு பேரும் முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, ஒன்றாகத் தூக்கினார்கள். பெட்டி சடாரென்று மார்பளவுக்கு வந்துவிட்டது. பின்னால் நின்ற ஒருவன் தடுமாறி ஓரடி வைத்தான். ஒரு கணம் அவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. துருவிக்குப் பக்கத்தில் அம்மா வந்து நின்றாள்.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மெல்ல," என்றார். "மெல்லப் போங்கப்பா. கனம், கனம். மெல்ல."

அவர்கள் தோளைச் சாய்த்து, ஒவ்வோர் அடியாக ஊன்றி, மெல்ல நடந்தார்கள்.